சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவள்

என் வாய்க்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் அவருடைய கடைசி நாலு வார்த்தை, அவர் குரலிலேயே, என் வாயிலிருந்து வந்துவிடும். நான் நினைத்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி அது. வந்த பிறகுதான் எனக்கே தெரியும். டெல்லி பஸ்ஸில் கண்டக்டர் "ஆகே படோ, ஆகே படோ" என்று முன்னால் நகரச் சொல்லிக் கத்துவார். நானும் கத்துவேன். பஸ் முழுக்கச் சிரிக்கும், கண்டக்டர் மட்டும் சிரிக்க மாட்டார். பள்ளியில் டீச்சர் "ஸ்டாண்ட் அப்" என்றால் நானும் அவருக்கு "ஸ்டாண்ட் அப்" சொல்வேன். அப்புறம் மணி அடிக்கும்வரை பெஞ்சு மேல்தான்.

கிட்வாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அம்மா திருநெல்வேலிக்காரி. பொறுக்க முடியாமல் "வாயை மூடுட்டி" என்பாள். "வாயை மூடுட்டி" என்று அவளிடமே சொல்வேன். பெற்ற தாயை 'ட்டி' போட்டதற்கு உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும். ஞாயிற்றுக்கிழமை பஜனையில் மட்டும் நான் உத்தமி. ஒருவர் பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாட வேண்டிய இடம் அது. என் வாய் சரியாக வேண்டும் என்று அம்மா மலை மந்திர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருப்பாள். எனக்கோ பஜனை முடியவே கூடாது என்றிருக்கும்.

எழுபதுகளின் நடுவில் தந்தி ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. அம்மா ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். நாக்குக்கு வேலை கொடுத்தால் அது சும்மா இருக்கும் என்பது அவள் கணக்கு. வாய் எரிந்தது, வேலையும் கிடைத்தது. ஆனால் முதல் வருஷம் புரொபேஷன். அப்பா ரிட்டயராக எட்டு மாதம் இருந்தது. என் வேலை நிலைத்தால் குவார்ட்டர்ஸை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எங்கள் சூப்பர்வைசர் ஒரு பஞ்சாபி அம்மாள். மடியில் எப்போதும் பாதி பின்னிய ஸ்வெட்டர் இருக்கும். நான் சேர்ந்த மூன்றாம் நாளே "முஹ் மே க்யா ஹை?", வாயில் என்ன, என்று கேட்டுக் கையை நீட்டினார். கிராம்பைத் துப்பினேன். "முஹ் மே க்யா ஹை" என்றும் சொல்லித் தொலைத்தேன். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, போனில் தந்தி எடுக்கும் மேஜையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

அந்த மேஜையில் ஒரே ஒரு சட்டம். வாடிக்கையாளர் போனில் வாசகத்தைச் சொல்வார். எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முழுவதையும் எழுதிவிட்டுப் படித்துக் காட்டுவார்கள். எனக்குச் சொல்லச் சொல்லவே வந்தது. எழுத்துப் பிசகாமல் எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னை யாரும் முறைக்காத நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவது மாதம் ஒரு பெரிய மனிதர் புகார் எழுதினார். தந்திக்கு நடுவே அவர் தன் வேலையாளைத் திட்டியதையும், இருமியதையும்கூட நான் திருப்பிச் சொல்லிவிட்டேனாம். கேலி செய்கிறாளாம். எங்கள் அதிகாரி, தானே போனில் ஒரு தந்தி கொடுத்துச் சோதிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். நான் கைப்பையில் கிராம்பைத் தேடினேன். பஞ்சாபி அம்மாள் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது, கோபமும்தான்.

அதிகாரி தன் அறையிலிருந்து பேசினார். அலகாபாத்துக்கு ஏதோ கல்யாண வாழ்த்து. வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன், எழுதினேன். பிறகு அவர் பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் மெதுவாக, "கல் ஸே இஸே மத் புலானா" என்றார். நாளையிலிருந்து இவளைக் கூப்பிடாதே என்று. அதையும் அவர் குரலிலேயே அவருக்குச் சொன்னேன். கையும் எழுதிவிட்டது. எழுதியதைப் படித்தபோதுதான், என் வேலை போன செய்தியை நானே எடுத்திருக்கிறேன் என்று உறைத்தது. கண்ணீர் தந்தி ஃபாரத்திலேயே விழுந்தது.

பஞ்சாபி அம்மாள் அந்த ஃபாரத்தை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனார். மேஜையில் வைத்தார். அதிகாரி படித்தார், கடைசி வரிக்கு வந்ததும் காது சிவந்துபோனது.

"நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை குறைகிறதா, ஸாப்? தந்தி எடுக்கிறவளிடம் இதற்கு மேல் என்ன கேட்பீர்கள்?" என்று பஞ்சாபி அம்மாள் ஹிந்தியில் கேட்டார். ஃபாரத்தை அதிகாரி பக்கம் நகர்த்திவிட்டு, அந்த அம்மாளே "யே லட்கி யஹீ(ன்) ரஹேகி" என்றார். இந்தப் பெண் இங்கேதான் இருப்பாள்.

"யஹீ(ன்) ரஹேகி" என்றேன் நான், அந்த அம்மாளின் அதே கனத்த குரலில். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது.

அந்த வீட்டில் நாங்கள் மேலும் பல வருஷங்கள் இருந்தோம். அந்த அம்மாளுக்கு நான் பட்ட கடன் தீராதது, தீர வேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த அம்மா நல்லா இருக்கணும்ட்டி" என்றாள்.

"நல்லா இருக்கணும்ட்டி" என்றேன்.

குட்டு விழும் என்று தலையைக் குனிந்தேன். அம்மா என் தலையில் கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.