குடிக்காதவருக்குக் கட்டிய கயிறு

என் வீட்டுக்காரர் செங்கோட்டையன் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். இதைச் சொன்னால் புதுச்சத்திரத்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நாசமாய்ப் போக.

போன வருஷம்தான் அவருக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. நாக்கு குழறியது. டீ டம்ளரை எடுக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போகும். டோல்கேட்டில் போலீஸ்காரர் ஊதச் சொன்னாராம். மிஷின் சைபர் காட்டியிருக்கிறது. மிஷின் ரிப்பேர் என்று சொல்லி வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அன்றைக்கே ஓனர் நவநீதகிருஷ்ணன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, குடியை விட்டுவிட்டு வா, அப்புறம் வண்டி தருகிறேன் என்றார். வண்டி போனால் எங்களுக்குச் சோறு இல்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சரி. கூடவே குடித்தனம் நடத்திய எனக்குப் புத்தி எங்கே போயிற்று? வாசனை வராத சரக்கு ஏதோ வந்திருக்கிறது என்று நம்பினேன். முனியப்பன் கோயிலுக்கு இழுத்துப்போய், சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ண வைத்து, குடியை விடுகிறவர்களுக்குக் கட்டும் கயிற்றைப் பூசாரி கையால் கட்ட வைத்தேன்.

"குடிக்காதவன் எதைப் புள்ள உடறது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று அதற்கும் ஏசினேன்.

மூன்றாம் நாள் வாசற்படியில் விழுந்து மண்டை உடைந்தது. அப்புறம்தான் சேலத்தில் நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். பின்மண்டையில் இருக்கிற சிறுமூளை சுருங்கிக்கொண்டே வருகிறதாம். அங்கே செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகும் ரசாயனங்கள் குறைந்து தாறுமாறாகிவிட்டதாம். சாராயமும் அதே இடத்தைத்தான் குலைக்கும், அதனால்தான் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்றார். இனி வண்டி ஓட்டவே கூடாது என்றும் சொன்னார். அந்த ஓனர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் ஊர் போவது என்று முடிவு பண்ணினேன்.

டாக்டரம்மா விடவில்லை. சில வகை வம்சத்தில் வரும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர், "எங்கப்பனுக்குங்க" என்றார். எனக்கே அது புதுச் செய்தி. கல்யாணத்துக்கு முன்னாலேயே இறந்துபோன மாமனார். அவருக்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"வைத்தியம் எங்கீங்க? குடிகாரன்னு நாந்தானுங்க அடிச்சு ஊட்டை உட்டுத் தொரத்துனேன். ரோட்டோரத்துலதான் செத்தாரு."