இரண்டாவது பிரேக்

என் சகலை வண்டியில் தூங்கி யாரும் பார்த்ததில்லை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வாழ்நாள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து வழிய, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்திருப்பார். அதனால் பிரேக் வாத்தியார் என்றே பெயராகிவிட்டது. தொழிலை விட்டும் அந்தக் கால் தொழிலை விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸின் தரையை அழுத்துவார். ஒருமுறை நல்ல காய்ச்சலில் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். கண்ணைத் திறக்கத் தெம்பில்லை, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கால் மட்டும் அழுத்திக்கொண்டே வந்தது. "இவரு செத்தாலும் கால் மட்டும் டூட்டி பாக்கும்" என்றார் அவர் மனைவி. அந்த அம்மா முந்திக்கொண்டார். இவர் மாடி வீட்டில் தனி ஆளாகிவிட்டார்.

கண்ணில் பக்கவாட்டுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே வண்டிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார். ஸ்கூல் வண்டிதான், இரண்டு பிரேக்கும் அப்படியே இருந்தன. மெக்கானிக் இரண்டாவதைக் கழற்றட்டுமா என்று கேட்டான். நான் வேண்டாம் என்றேன். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இத்தனை வருஷமாக நான் ஓட்டிய லட்சணத்தில் பாதி பிரேக் யார் போட்டது என்று எனக்கே தெரியாது.

படியில் ஒருதரம் சறுக்கி விழுந்த பிறகு எங்கள் வீட்டில் சில வாரம் இருந்தார். அங்கேதான் சிக்கல். என் மனைவி அவரை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். டம்ளரைக் கழுவ எழுந்தால் "இதோ அத்தான், நான் பாத்துக்கறேன்" என்பாள். வாசல் வரை போக நினைத்தால் செருப்பைக் காலில் மாட்டிவிட ஆள் தயாராக இருக்கும். போதும் என்று கை காட்டினால், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தட்டு நிறையும். மனுஷன் ஒருநாள் சாப்பிட்டு முடித்துவிட்டு, முதியோர் குடியிருப்பில் இடம் பார்க்கப்போவதாகச் சொன்னார். என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நாங்க இல்லாம போயிட்டோமா அத்தான்?" என்றாள்.

"நீ இருக்கறதுதாம்மா கஷ்டம்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவருடைய மகளிடம் போகலாமே என்றால், மாப்பிள்ளைக்கு ஊர் ஊராக மாற்றலாகும் வேலை. கடைசியில் என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். மூன்று இடம் பார்க்கலாம். மூன்றும் சரியில்லை என்றால் மறுபேச்சு கிடையாது, எங்கள் வீடுதான். அவரும் தலையாட்டினார். அப்புறம் அவள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "குறை ஒண்ணு விடாம பாத்து வந்து சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்றாள்.

நான் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் தெருமுனையில் திரும்பும்போதே ஓட்டல்காரர்கள் அடுப்படியைக் கழுவ ஆரம்பிப்பார்கள். குறை கண்டுபிடிப்பதில் எனக்குச் சம்பளம் வாங்காமலே சந்தோஷம் உண்டு. அதோடு இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு சுயநலம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஓய்வு பெற்ற பிறகு என் பேச்சைக் கேட்க வீட்டில் நாதியில்லை. சகலை வந்து இருந்தால் சாயங்காலம் டீயும் வம்புமாகப் பொழுது போகும். அவர் போகக்கூடாது. இதுதான் என் கட்சி.

முதல் இடத்துக்குள் நுழைந்ததும் பளிங்குத் தரை, கண்ணாடி லிஃப்ட், யாரும் இறங்காத நீச்சல் குளம். மேனேஜர் கோட்டுப் போட்ட இளைஞன். நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க ஐயா, பயப்படாதீங்க, இது உங்க வீடு மாதிரி" என்றான். நான் கொஞ்சம் விந்தி நடப்பேன், அதற்காக இப்படியா? சகலை வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயாவுக்கு நல்ல ரூமா காட்டுங்க" என்றார். அடுப்படியைப் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு எறும்பு அகப்படவில்லை.

திரும்பி வந்தால் சகலை நடைபாதையில் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு பையன் தள்ளிக்கொண்டு போனான். பெரியவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்து, "நில்லுப்பா" என்றார். "இதோ வந்துட்டோம் தாத்தா, இதோ வந்தாச்சு" என்று பையன் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே தள்ளிப் போனான். சகலை மேனேஜருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"என்ன சகலை, எல்லாம் தங்கமா இருக்கு. ஏன் கிளம்பிட்டீங்க?" என்றேன். என் கட்சிக்கு விரோதமாகத்தான் கேட்டேன், ஆச்சரியத்தில்.

"அந்தாளோட காலைப் பாத்தீங்களா?"

"காலுக்கென்ன?"

"கால் வைக்கிற பலகைய அழுத்திக்கிட்டே போறாரு. பிரேக் போடறாரு. வண்டி நிக்கல." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "பையன் நல்ல பையன்தான். அன்பாத்தான் பேசறான். ஆனா நிக்கமாட்டேங்கறான்."

எனக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது.

இரண்டாவது இடம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அங்கே இருந்த அம்மாள் எல்லாக் கேள்வியையும் என்னிடம் கேட்டாள். "ஐயாவுக்கு சுகர் இருக்கா? ஐயா ராத்திரி எழுந்திருப்பாரா?" ஐயா எதிரே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறார். "ஐயாவுக்கு வாய் இருக்கும்மா" என்றார் சகலை. அதோடு அந்தக் கதை முடிந்தது.

மூன்றாவதற்குக் கிளம்பும்போது என் மனைவி பின்னறையில் புது மெத்தையே போட்டுவிட்டாள். சகலை அதைப் பார்த்தார். வழியெல்லாம் அவர் கால் வழக்கத்தைவிட அழுத்தமாக வேலை செய்தது. இதுவும் இல்லையென்றால் அந்தப் பின்னறைதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு உள்ளுக்குள் குஷிதான். அவர் முகத்தைப் பார்த்தபோது குஷி கொஞ்சம் இறங்கியது.

மூன்றாவது இடம் பெரிய பழைய வீடுதான். கேட் கிறீச்சிட்டது, சுவரில் வண்ணம் உரிந்திருந்தது. கொடியில் வேட்டியும் நைட்டியும் துண்டும் காய்ந்தன. நடத்துகிற அம்மாள் முன்னாள் நர்ஸ், எல்லோரும் அக்கா என்றார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "உங்கள்ல யாரு வரப்போறது?" என்று கேட்டார். சகலை கையைத் தூக்கினார். "அப்ப நீங்க முன்னால வாங்க. அவரு பின்னால வரட்டும்" என்றார் அக்கா.

பின்னால் வந்தவன் அப்படியே அடுப்படிக்குள் புகுந்துவிட்டேன். பாத்திரம் சுத்தம், பலகை சுத்தம், கைகழுவும் இடத்தில் சோப்பு இருந்தது. எரிச்சலாக வந்தது. கடைசியில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவு ரப்பரின் மடிப்பில் விரலை விட்டு இழுத்தால், கறுப்பாகப் பூஞ்சை. என் பணிக்காலத்தில் எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் கொடுக்க வைத்த அதே கறுப்பு. சமையற்காரர், "பழசுங்க, புது ரப்பர் சொல்லியிருக்கோம்" என்றார். எல்லோரும் சொல்வதுதான். கையும் களவுமாகப் பிடித்த பெருமையோடு, விரலைத் துடைக்காமலே சகலையைத் தேடிப் போனேன்.

அவர் வராந்தாவில் ஒரு தூணருகே நின்று ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவியாளர் பெண். சக்கர நாற்காலியில் இருந்த மூதாட்டியின் பின்னால் போய் நிற்காமல், முன்னால் வந்து குனிந்து, "போலாமாம்மா?" என்றாள்.

"இப்ப வேணாம்" என்றார் மூதாட்டி.

அந்தப் பெண் சக்கரத்தின் பூட்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை மடிக்க ஆரம்பித்தாள். சமாதானம் சொல்லவில்லை, கொஞ்சவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. நான் விரலை நீட்டி "சகலை, இங்க பாருங்க" என்றேன். "உஷ்" என்றார். அவ்வளவு துண்டையும் மடித்து முடித்த பிறகு மூதாட்டி, "ம், போ" என்றார். அந்தப் பெண் எழுந்து பூட்டை எடுத்தாள்.

அவள் திரும்பி வந்ததும் சகலை கேட்ட கேள்வியில் எனக்கு மானமே போயிற்று. "அம்மாடி, என்னை இந்த நாற்காலியில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறியா?"

"உங்களுக்கு எதுக்குங்க? நல்லாத்தானே நடக்கறீங்க?"

"என்னிக்காவது தேவைப்படுமில்ல?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினார். சகலை உட்கார்ந்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, நானும் அவர் மாணவன்தானே. வண்டி கற்றுக்கொடுக்கும்போது, காலியான நல்ல ரோட்டில், எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று "நிறுத்து" என்பார். ஏன் என்று திரும்பிக் கேட்டவன் ஃபெயில். முதலில் நின்றுவிட்டு அப்புறம் கேட்பவன்தான் அவருக்கு டிரைவர். நான் பலதடவை ஃபெயிலானவன்.

வராந்தாவின் நடுவில் "நிறுத்து" என்றார். நாற்காலி நின்றது. அவள் முன்னால் வந்து, "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, போ." கொஞ்ச தூரத்தில் மறுபடி "நிறுத்து." நின்றது. "தலை சுத்துதுங்களா?" என்றாள். "இல்ல, போ." திருப்பத்தில் மூன்றாவது தடவை. நின்றது. இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து, "எப்பப் போகணுமோ சொல்லுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றாள். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. ஆனால் நின்றாள்.

நான் அவருடைய காலைப் பார்த்தேன். கிளம்பும்போது பலகையை அழுத்தி விறைத்திருந்த பாதம், இப்போது வெறும் பாதமாக அதன்மேல் கிடந்தது. அவர் இங்கே வரப்போகிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது, என் சாயங்காலங்கள் போயின என்றும் தெரிந்தது. வருத்தம்தான். ஆனால் அந்தக் காலைப் பார்த்த பிறகு வருத்தப்பட எனக்கு வாயில்லை.

மத்தியானம் அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குள் பேட்டரி நாற்காலி ஓட்டி வந்த ஒரு அம்மாள், கதவு நிலையில் இடித்து, பின்வாங்கி, மறுபடி அதே இடத்தில் இடித்தார். ஓய்வு பெற்ற தபால் அதிகாரியாம். நிலையின் அடிப்பகுதி முழுக்க அவருடைய முத்திரைதான்.

"முன்னால பாத்துத் திருப்பாதீங்கம்மா. பின்சக்கரம் எங்க வருதுன்னு பாத்துத் திருப்புங்க" என்றார் சகலை.

"சொல்றது சுலபம். நீங்க யாரு?"

"டிரைவிங் வாத்தியார்."

"நாளைக்கு வந்து சொல்லிக்குடுங்க."

"நாளைக்கு முடியாது. அடுத்த வாரம் வந்துடறேன்" என்றார் சகலை. அப்படித்தான் முடிவு வெளியே வந்தது. என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை, இடித்த நாற்காலிக்காரியிடம் சொன்னார். தட்டில் போதும் என்று கை காட்டினார், பரிமாறியவர் நகர்ந்துவிட்டார். சகலை என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார்.

திரும்பும்போது ஊரை நெருங்கும் முன் ஒரு நாய் குறுக்கே ஓடி வந்தது. நான் வழக்கம்போல அவருடைய பிரேக்குக்காக ஒரு நொடி காத்திருந்தேன். வரவில்லை. பதறி நானே அழுத்தினேன். வண்டி குலுங்கி நின்றது, நாய் ஒரு முறை முறைத்துவிட்டுப் போயிற்று. நல்ல வசவு விழப்போகிறது என்று பக்கத்தில் திரும்பினேன். வசவு விழவில்லை.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன். மனைவி.

"என்னங்க, எப்படி இருக்கு? ஏதாவது குறை அகப்பட்டுதா?"

"சுத்தமாத்தான் இருக்கு" என்றேன். ஃப்ரிட்ஜ் ரப்பரைப் பற்றி மூச்சு விடவில்லை. அதை அக்காவிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் போய்ப் பார்ப்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

"ஏன் குசுகுசுன்னு பேசறீங்க?"

"அத்தான் தூங்கறாரு."

"அங்கயேவா?"

"இல்ல. வண்டியில. என் பக்கத்துல."

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வண்டியிலயா?" என்றாள்.

"ஆமா."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சகலையின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. வலது கால் இரண்டாவது பிரேக்கிலிருந்து இறங்கி, ஓரமாக மடங்கிக் கிடந்தது.

"சரி, எழுப்பாதீங்க. மெதுவா ஓட்டிட்டு வாங்க" என்றாள். அப்புறம், "அந்தப் புது மெத்தை அங்க கட்டிலுக்குச் சரியா இருக்குமான்னு வந்து சொல்லுங்க" என்றாள்.