கூடு ஒட்டிய புழு

தொண்ணூறுகளின் கடைசி. அத்தையின் ஆமணக்கில் புழு விழுந்த வருசம் நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் எட்டாத வகுப்பு. அதனால் மருந்து டப்பாவில் எழுதியிருப்பதிலிருந்து ரேஷன் கடைப் பலகைவரை என்னிடம்தான் கேட்பார்கள். கேட்கக் கேட்க, தெரியாததற்கும் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அரையாண்டு விடுமுறையில் அத்தை புஞ்சைக்குப் போனேன். அப்பாவின் தங்கை. கழுகுமலை ரோட்டோரம் அவளுக்கு இரண்டு ஏக்கர் கரிசல். மாமா இல்லை. அந்த வெள்ளாமையில் கூரையைப் பிரித்து ஓடு போட்டுவிடலாம் என்று இருந்தாள்.

உடம்பை வளைத்து வளைத்து நடக்கும் புழு. இலையெல்லாம் ஓட்டை. மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வாளியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம். சில புழுக்களின் வாலுக்கடியில் அரிசிக் குருணை போல ஒரு கூடு ஒட்டியிருந்தது. அவை நகராமல் கிடந்தன.

"இது சீக்குக் கோழி மாதிரில்லா கெடக்கு. திங்கவும் காணோம். இதை விட்டுட்டு ஓடுததைப் பிடிப்போம் மருமவனே" என்றாள் அத்தை.

"அது முட்டை அத்தை. ஒண்ணு நூறாயிரும். அதைத்தான் மொதல்ல எடுக்கணும்."

"அப்படியா போட்டிருக்கு பொஸ்தகத்துல?"

"ஆமா."

புத்தகத்தில் அப்படி இல்லை. முட்டையிடுவது அந்துப்பூச்சி, புழு முட்டையிடாது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். வந்தது. சொல்லி முடித்த பிறகு வந்தது. திருத்திச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மந்தமாகக் கிடப்பதைப் பொறுக்குவது சுலபம். மூன்று நாள் தேடித் தேடி எடுத்தோம். அத்தை பக்கத்துப் புஞ்சைக்காரிகளிடமும் போய், "கூடு ஒட்டுனதை விட்டுராதிங்கட்டி. எம் மருமவன் படிச்சுட்டுச் சொல்லுதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பொங்கலுக்குள் அடுத்த புழு கிளம்பியது. ஆமணக்கில் இலை என்று ஒன்று மிஞ்சவில்லை. நரம்பும் காம்பும்தான் நின்றன. ஓடு போடவில்லை.

பிறகு கோவில்பட்டியில் கல்லூரி. இரண்டாம் வருசம், ஆய்வகத்தில் அதே புழுவைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வலைத்துணி கட்டி வைத்திருந்தார்கள். சில நாளில் கூட்டிலிருந்து கொசு அளவு ஒரு குளவி வெளியே வந்தது. தாய்க்குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும்; குஞ்சு உள்ளேயிருந்தே புழுவைத் தின்று, வெளியே வந்து கூடு கட்டும் என்றார் ஆசிரியர். எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. புழுவைத் தின்ன வந்ததையெல்லாம் தேடிப் பொறுக்கி மண்ணெண்ணெயில் போட்டிருக்கிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். அத்தை ஆமணக்குக்குள் நின்றாள். வாளியில் கிடந்ததில் பாதி கூடு ஒட்டியதுதான்.

சொன்னேன். புத்தகத்தில் அப்படி இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அத்தை வாளிக்குள் குனிந்து பார்த்தாள். "நான் சரியாப் பொறுக்கலைன்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "கண்ணு மங்கிப்போச்சோன்னு டவுன் ஆஸ்பத்திரிக்கு வேற போய்ட்டு வந்தேன்."

வாளியை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"எங்கிட்டச் சொன்னாப் போதுமாலே? நாலு புஞ்சையில ஒம் பேரைச் சொல்லித்தான் சொல்லிவச்சிருக்கேன். போ. நீயே போய்ச் சொல்லிட்டு வா."

போனேன். முதல் புஞ்சையில் சிரித்தார்கள். "ஒரு வருசம் எடுங்கான், ஒரு வருசம் விடுங்கான். இன்னும் பெரிய படிப்பு படிச்சா புழுவுக்குச் சோறு வைக்கச் சொல்லுவான் போல!"

கடைசிப் புஞ்சையில் இருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அன்னைக்கு நீ சொன்னேன்னுதான் செஞ்சோம்யா. இனிமே எங்களுக்குத் தெரிஞ்சதைப் பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிக்கொண்டே, கூடு ஒட்டிய ஒன்றைக் கிள்ளி வாளியில் போட்டாள். அடுத்ததற்குக் கை நீண்டது.

"அதை விட்டுருங்கக்கா" என்றேன்.

அதையும் எடுத்துப் போட்டாள்.