ஹட்டனுக்குத் தனியாகப் போன சப்பாத்து

மழையில் நனைந்த சப்பாத்தைப் பேரன் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறான். அங்கிருக்கும் சூட்டில் காய்ந்துவிடுமாம். காய்ந்ததோ இல்லையோ, வீடு முழுக்க ஈரத்தோல் வாடை. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மட்டும் ஆழமாக மூச்சிழுத்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அது மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போன காலை பஸ்ஸின் வாடை.

ஐம்பதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டு டவுனான ஹட்டன் நாளொரு கடையும் பொழுதொரு போர்டுமாக வளர்ந்துகொண்டிருந்தது. மூன்று மொழிகளில் போர்டு எழுதுவார்கள். மூன்றிலும் பிழை இருக்கும். அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் அங்கே தூங்கியதே இல்லை. காலையில் பஸ்ஸேறி வருவோம், மாலையில் பஸ்ஸேறித் திரும்புவோம். பத்தொன்பது வயதில் நானும் ஒரு துணிக்கடையில் சேர்ந்து டவுன்காரனாகியிருந்தேன். கடையில் சப்பாத்துப் போட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. என்னுடையது இரண்டு சைஸ் பெரியது. முன்பக்கம் பேப்பர் திணித்திருந்தேன். நடந்தால் நான் முன்னே போவேன், அது பின்னால் வரும்.

காலை பஸ் வந்ததும் ஜன்னல் வழியாக எதையாவது எறிந்து சீட் பிடிப்பது எங்கள் வழக்கம். பொருள் விழுந்த சீட் பொருளுக்குரியவருடையது. அதில் மறுபேச்சே கிடையாது. தையற்கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு 'நானா', அளவு நாடாவை எறிவார். தபால் கந்தோரில் வேலை பார்த்த குணபால குடையை நீட்டுவார். சிசிலியா டீச்சர் மட்டும் எறியமாட்டார், ஜெபமாலைப் பையைப் பதவிசாக உள்ளே இறக்குவார். இடம் பிடித்தபின் பஸ் கிளம்பும்வரை எதிர்க்கடையில் பிளேன்டீ குடிப்போம்.

நான் கைக்குட்டைக்காரன். ஒருநாள் அது இந்த ஜன்னலில் நுழைந்து அந்த ஜன்னலில் பறந்துபோனது. அதனால் மறுநாள் கொஞ்சம் கனமாக எறிவோம் என்று வலது சப்பாத்தைக் கழற்றி எறிந்தேன். நல்ல சீட், ஜன்னலோரம். ராஜா மாதிரி நொண்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். மற்றவர்கள் குடித்துவிட்டு ஏறினார்கள். எனக்கோ டீ ஆறவில்லை.

கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். சீட்டில் சப்பாத்து. "சப்பாத்து இருக்குல்ல, ஆளும் இங்கதான் எங்கயாச்சும் நிப்பாரு, போங்கண்ணே!" என்று மணியடித்துவிட்டார்.

கையில் கிளாசோடு ஒற்றைச் சப்பாத்தில் ஓடினேன். டீக்கடைக்காரர் கிளாசுக்காக என் பின்னால் ஓடினார். பஸ் வளைவில் மறைந்தது.

சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன் இரண்டு தடவை பிந்திப் போயிருந்தேன். மூன்றாம் தடவை பிந்தினால் அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். என் மகன் டவுனில் வேலை என்று அப்பா தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவர் முகத்தை நினைக்கவே பயமாக இருந்தது.

கோவா, அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிய லொறி ஒன்றில் கெஞ்சி ஏறி, கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. கல்லா மேசைமேல் என் சப்பாத்து உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"தையற்கடை நானா வந்து, நீ கோயிலுக்குப் போயிருக்கேன்னாரு. குணபால மாத்தயா வந்து, 'தம்பி வயிறு சரியில்ல'ன்னாரு. டீச்சரம்மா சப்பாத்தை மேசைமேல வச்சு, 'வந்துக்கிட்டே இருக்காரு'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. எதைடா நான் நம்புறது?"

நான் கோவா இலையைத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு நின்றேன்.

"இந்தச் சப்பாத்து எட்டு மணிக்கு முந்தியே வந்துருச்சு. அப்ப ஒரு கால் நேரத்துக்கு வந்திருக்கு, ஒரு கால்தான் பிந்தியிருக்கு. அரைப் பிந்தல். போய் ரெண்டையும் மாட்டிக்கிட்டு வேலையப் பாரு."

மாலை பஸ்ஸில்தான் முழுக்கதையும் தெரிந்தது. அன்று பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. என் சப்பாத்து மட்டும் ஜன்னலோரம் சொகுசாக வந்திருக்கிறது. புதிதாக ஏறிய ஒருவர் அதைத் தள்ளிவிட்டு உட்காரப் போனாராம். குணபால சிங்களத்தில் ஏசினாராம், நானா தமிழில் ஏசினாராம். அந்த இருவரும் அதற்குமுன் எதிலும் ஒத்துப்போனதே இல்லை.

"ஒரு சப்பாத்துக்காகவா இவ்வளவு பேரும் நின்னீங்க?" என்று டீச்சரிடம் கேட்டேன்.

"சப்பாத்துக்கு யாரு தம்பி நிப்பா? பஸ் நிக்கிற ஒவ்வொரு ஹோல்ட்லயும் நீங்க குறுக்குவழியில ஓடி வந்து ஏறுவீங்கன்னு பார்த்துக்கிட்டே போனோம்" என்றார்.

குணபாலவுக்குப் பிறகு தெற்கே காலி டவுனுக்கு மாற்றம் வந்தது. நானா கண்ணுக்கு ஊசி தெரியாமல் கடையை மூடினார். டீச்சர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். பஸ் நின்ற இடம், டீக்கடை, பழைய மஸ்கெலியா எல்லாம் பிறகு கட்டிய நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டன. இப்போது ஹட்டனுக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது. தவறவிட்டால் அடுத்ததில் போகலாம். என்னைக் காணோமே என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டு போக மட்டும் எந்த பஸ்ஸிலும் ஆளில்லை.