கோடிச் சேலை கட்டி டூட்டிக்கு வந்தவர்

செவ்வாய்க்கிழமை காலையில் ஆரோக்கியமேரி அக்காவின் கணவர் சவரிமுத்து அண்ணன் போன் செய்தார். "ராஜி, உங்க அக்கா போயிட்டாம்மா" என்றார். போன வாரம்தான் அவர்கள் வீட்டுக்குப் போய், ஆயக்குடிக் கொய்யாவைத் தின்றுகொண்டே, ரிட்டயர் ஆன எல்லோரையும் பற்றி அக்காவோடு வம்பு பேசிவிட்டு வந்திருந்தேன்.

திண்டுக்கல் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த நம் எல்லோருக்கும் ஆரோக்கியமேரி அக்காவைத் தெரியும். வெளியூர் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. டெல்லியில் இருப்பவரோடும் நம் ஊர்த் தமிழிலேயே சண்டை போட்டு லைன் வாங்கிவிடுவார். ஆனால் அவர் திருவனந்தபுரத்தில் கிடந்த நாட்கள் உங்களில் பலருக்குத் தெரியாது. கூடப் போனவள் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் போகச் சொன்னார்கள். பெண்கள் வார்டில் அண்ணன் தங்க முடியாது, மகளுக்கோ பரீட்சை. அதனால் நான் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். அங்கே போனதும் அக்கா வாயடைத்துப் போனார். யார் யாரோடோ வாயாடியவருக்கு நர்ஸிடம் வெந்நீர் கேட்கக்கூட நா எழவில்லை. "இங்கன செத்துப்போனா நான் யாருன்னே இவுகளுக்குத் தெரியாதுல்ல ராஜி?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவிலிருந்த கிறிஸ்தவக் கோயிலுக்குப் பூசைக்கு மெல்ல நடத்திக் கூட்டிப்போனேன். எல்லாம் மலையாளம். இவருக்கு என்ன புரியப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பூசை வைத்த சாமியார் ஒன்று சொல்ல, அக்கா சனங்களோடு சேர்ந்து தமிழில் மறுமொழி சொன்னார். ஓரிடத்திலும் பிந்தவில்லை. வெளியே வந்ததும் டீக்கடைக்காரரிடம் சத்தமாக "அண்ணே, சீனி தூக்கலா ஒரு டீ" என்றார். எனக்கு உயிர் வந்தது. "பாஷ தெரியாட்டி என்ன ராஜி, எந்த எடத்துல பதில் சொல்லணும்னு எனக்குத் தெரியுதுல்ல. இதுவும் நம்ம வீடுதான்" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, சாமியாரைக் கூப்பிட்டு எண்ணெய் பூசச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். ஆபரேஷனுக்காக வந்திருந்த அண்ணன் அலறிவிட்டார். அவர்கள் ஊரில் அதற்கு அவஸ்தை பூசுதல் என்று பெயர். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் சாமியாருக்கு ஆள் அனுப்புவார்கள். "அது சாகப்போறவுகளுக்குப் பூசுறது மேரி. வேணாம்" என்றார்.

"சாகுறதுக்குக் கேக்கலங்க. தெம்பா உள்ள போறதுக்குக் கேக்குறேன்."

அண்ணன் அசையவில்லை. நான்தான் போய்ச் சாமியாரை அழைத்து வந்தேன். அவர் வருவதற்குள் அக்கா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "எனக்குத் தொண்ட அடச்சா நீ ஆமென் சொல்லிரு. போர்டுல ஒருத்தி எந்திரிச்சா இன்னொருத்தி உக்கார மாட்டமா?" சாமியார் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் தொட்டு வைத்தபோது அக்காவுக்குத் தொண்டை அடைக்கத்தான் செய்தது. நான் கொஞ்சம் பிந்தி ஆமென் சொன்னேன். சாமியார் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். அன்று அக்கா நன்றாகத் தூங்கினார்.

அண்ணனோ நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், சாணார்பட்டிப் பக்கத்திலிருந்த மச்சானிடம், "அவஸ்தை பூசியாச்சு மச்சான்" என்று அழுதிருக்கிறார். அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுநாள் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அக்காவின் அண்ணன் சின்னப்பன், செத்த தங்கைக்குப் பிறந்த வீட்டிலிருந்து போர்த்த வேண்டிய கோடிச் சேலையோடு வந்திருந்தார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த அக்கா, அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்த பையைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே அது?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி."

"கோடிதான? கொண்டா பாப்போம்." மெரூன் நிறம், சரிகைக் கரை. தடவிப் பார்த்தார். "உசுரோட இருக்கையில இம்புட்டு நல்ல சேல எடுத்துக் குடுக்க ஒனக்குத் தோணலையேண்ணே!" சின்னப்பன் அண்ணன் சிரிப்பும் அழுகையுமாகக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சிரித்தால் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் எங்களைத் திட்டினார்.

அந்தச் சேலையைத்தான் அக்கா மறுபடி டூட்டியில் சேர்ந்த அன்று கட்டிக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் சூப்பர்வைசர் அம்மா முகம் சுளித்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அதுதான். அடுத்தடுத்த செக்கப்புகளுக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் போனார். பயம் விட்டுப்போயிற்றா என்று ஒருமுறை கேட்டேன். "பயமெல்லாம் இருக்கத்தான் செய்யுது. பயப்படையில ஏசு பக்கத்துல இருக்காருன்னு தெரியும், அம்புட்டுத்தான்" என்றார். கட்டி மறுபடி வரவேயில்லை. இப்போது நின்றுபோனது இதயம்.

அடக்கத்தன்று, தள்ளாத வயதில் சின்னப்பன் அண்ணன் புதுக்கோடியோடு வந்தார். மகள் பீரோவிலிருந்து அந்த மெரூன் சேலையை எடுத்து நீட்டி, "அம்மா இதத்தான் போத்தச் சொன்னாங்க மாமா" என்றாள். அவர் அதை விரித்துத் தங்கைமேல் போர்த்தினார். கரை வெளுத்திருந்தது. "கட்டித் தீத்துட்டுத்தான் போயிருக்கா" என்று சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

சாமியார் செபம் சொன்னார். எந்த இடத்தில் மறுமொழி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஏசுவைப் பற்றி அதிகம் தெரியாது, இன்றும் முருகனைத்தான் கும்பிடுகிறேன். ஆனால் அக்கா எழுந்துபோன நாற்காலி எனக்குப் பழக்கமானது. அவருக்காக ஆமென் சொன்னேன். இந்த முறை பிந்தவில்லை.