கொடிக்கு நடுவே ஓர் எண்

பிட்டர் கிரீக்கில் டெல்மர் ஸ்காரின் துப்பாக்கிப் பட்டறையைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் பேசிக் கேட்டவர்கள்தான் குறைவு. கோதுமைக் காட்டில் பிறந்தவர். கொலராடோவுக்குப் போய் இரண்டு வருஷம் தொழில் படித்துவிட்டு, அப்பா டிராக்டர் நிறுத்தி வைத்திருந்த கொட்டகையிலேயே லேத்தைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு தோட்டாவுக்கென்று செய்த துப்பாக்கியை வேறொரு தோட்டாவுக்கு மாற்றித் தருவதில் மொன்டானாவின் கிழக்குப் பாதி முழுக்க அவருக்குப் பெயர் உண்டு.

வேலை முடிந்ததும் ஒரு காரியம் செய்வார். குழலின் மேலிருக்கும் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு, புதிய எண்ணை எஃகு அச்சால் ஆழமாகப் பதிப்பார். "அழகே போச்சே!" என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

"அப்ப வேற ஆளைப் பாருங்க" என்பார் டெல்மர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது அவரைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த வெண்டல் பிராட்டனும் மார்ச் மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

செப்டம்பரில் ஒரு காலை, வெண்டலின் மனைவி கோரலீ ஒரு போர்வைச் சுருளோடு உள்ளே வந்தார்.

"உயிரோடதான் இருக்கீங்களா டெல்மர்? கதவைத் தட்டித் தட்டிக் கையே வலிச்சுப் போச்சு."

"லேத் ஓடிச்சு."

போர்வைக்குள் இருந்ததைப் பார்த்ததும் அது எதுவென்று டெல்மருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் பழைய ரைபிள். வெண்டலின் கல்யாணத்துக்கு அவருடைய அப்பா கொடுத்தது. குழலின் மேல் கொடி கொடியாகச் செதுக்கிய பூவேலை. நடுவில் 32-40 என்ற எண்.

"பன்னெண்டு வருஷம் அலமாரியில கிடந்தது போதும். இந்தத் தடவை மானை நானே அடிக்கப் போறேன். அவர் இல்லேன்னு ஃப்ரீசர் காலியா கிடக்கணுமா?"

"சுடுவீங்களா?"

"அவரைவிட நல்லாவே சுடுவேன். அதை அவர் வெளிய சொன்னதில்ல, அவ்வளவுதான்! இப்ப இருக்கிற தோட்டா எங்கயும் கிடைக்கல. முப்பது-முப்பது தோட்டாவுக்கு மாத்திக் குடுங்க, அது பெட்ரோல் பங்க்லயே கிடைக்குது. ஆனா ஒண்ணு, அந்தக் கொடிகிட்ட உங்க சுத்தியல் போகக் கூடாது. வீட்டுல நான் ஒருத்திதான். குழம்பிப் போக யாரு இருக்கா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெண்டலும் இதே இடத்தில் நின்றுகொண்டு இதையேதான் கேட்டார். அப்போது குழலின் உட்பக்கத்தைத் துரு தின்றிருந்தது. டெல்மர் அதைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து 38-55 தோட்டாவுக்கு மாற்றினார். புதிய எண்ணைப் பதிக்க அச்சை எடுத்தபோது வெண்டல் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பா ஞாபகம்யா, விட்டுடு." பட்டறை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்த ஆளை முறைத்துக்கொள்ள மனம் வரவில்லை. புதிய எண்ணை ஒரு காகித அட்டையில் எழுதி விசைக்குப் பக்கத்தில் கட்டிவிட்டார்.

அட்டை எந்தப் புதரில் அறுந்து விழுந்ததோ! அந்த நவம்பரில் வெண்டலின் தம்பி எர்வின் அந்த ரைபிளை வாங்கிக்கொண்டு போனான். குழலில் இருந்த எண்ணைப் படித்தான். வீட்டிலிருந்த பழைய பெட்டியிலிருந்து அதே எண்ணுள்ள தோட்டாவை எடுத்துப் போட்டான். அகலமான துளைக்குள் அது தடையில்லாமல் போய் உட்கார்ந்தது. சுட்டதும் தோட்டாவின் கூடு கிழிந்து நெருப்புக் காற்று பின்னால் பாய்ந்தது. வலது கண் போயிற்று.

"நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்று வெண்டல் ஊர் முழுக்கச் சொன்னார். டெல்மரிடம் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார். "உன் பேர் வந்தா பட்டறை மூடிடும். ரெண்டு பேர் செஞ்ச தப்புக்கு ஒருத்தன் பேர் கெட்டா போதாதா?"

டெல்மர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலோடுதான் பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தார்.

கோரலீயிடம் மட்டும் 'வேற ஆளைப் பாருங்க' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை; ரைபிளை வாங்கி வைத்துக்கொண்டார். குழலைத் துளைத்து, உள்ளே புதிய எஃகுக் குழாய் பொருத்தி, முப்பது-முப்பது தோட்டா உட்காரும் அறை கடைந்து முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் அச்சைக் குழலின் மேல் வைத்தார். சுத்தியல் ஓங்கிய கை இறங்கவில்லை. எழுந்துபோய் கோரலீக்குப் போன் செய்தார்.

அவர் வந்ததும், உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கோரலீ பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மறதிப் பிண்டம்னு திட்டுவேன் டெல்மர். சாவியை எங்க வெச்சேன்னு தேடினாக்கூட, 'உங்க மறதிதான் உங்க தம்பி கண்ணைப் பறிச்சுது'ன்னு குத்திக் காட்டுவேன். ஒரு தடவை... ஒரே ஒரு தடவைகூட அந்த மனுஷன் வாயைத் திறக்கலியே!"

டெல்மர் அச்சையும் சுத்தியலையும் மேஜையில் வைத்தார்.

"அடிங்க அந்த எண்ணை. கொடி போனா போகட்டும்" என்றார் கோரலீ, கண்ணைத் துடைக்காமலே. "ஆனா எங்கிட்டச் சொன்னா ஆச்சா? கொழுந்தனார் அண்ணன் சாவுக்கே வரல. அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இதைத் தொட மாட்டேன்."

டெல்மர் போனபோது எர்வின் மாட்டுக் கொட்டிலில் கத்தியால் கயிற்றை அறுத்து வைக்கோல் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, வழி தவறி வந்துட்டியா? எனக்கு ஒத்தைக் கண்ணு. துப்பாக்கிக்காரனுக்கு இங்க என்ன வேலை?"

டெல்மர் சொன்னார். அட்டையைச் சொன்னார், கொடியைச் சொன்னார், தன் தலையாட்டலைச் சொன்னார். எர்வின் கையிலிருந்த கத்தி வைக்கோலிலேயே நின்றுவிட்டது.

"பட்டறைக்காகவா?"

"ஆமா."

"என் கண்ணு போனதுக்கு உன்னை அடிச்சுப் போட்டிருப்பேன். ரெண்டு மாசத்துல ஆறியிருக்கும்" என்றான் எர்வின். "அண்ணன் சாகக் கிடக்கான்னு ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சுய்யா. எடுத்துக் கேட்டேன். 'மறதிக்காரன், என்னையும் மறந்து தொலையட்டும்'னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அதை எங்க போய் நான் திருப்பி வாங்குவேன்?"

டெல்மர் ஓரடி முன்னே வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். எர்வின் கையைக் காட்டித் தடுத்தான்.

"வேண்டாம். இன்னிக்கு வேண்டாம்."

வைக்கோல் தூசியைத் தட்டிவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தான். கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். திரும்பாமலே கேட்டான்.

"கல்லறைத் தோட்டத்துல அவன் எந்தப் பக்கம்?"

"வடக்கு வேலி ஓரம். உங்க அப்பாவுக்குப் பக்கத்துல."

"நீ வராதே."

வண்டி மண்பாதையில் ஏறி மறையும்வரை டெல்மர் கொட்டிலிலேயே நின்றார். பிறகு, மாடுகள் கத்தவே, எர்வின் பாதியில் விட்ட வைக்கோல் கட்டை அவர் பிரித்துப் போட ஆரம்பித்தார்.