தோற்றுக்கொடுத்தவர்

கேளம்பாக்கம் வீடியோ கேம் கடையில் அந்தப் பழைய சண்டை ஆட்டத்தை ஆடுகிறவர் அவர் ஒருவர்தான். ஒல்லியான உடம்பு, ஏறிய நெற்றி. உட்காருமுன் எதிராளியின் ஜாய்ஸ்டிக்கைச் சட்டை நுனியால் துடைத்து வைப்பார். அந்த ஆட்டத்துக்குப் போட்டிகள் நடந்த காலத்தில் கோப்பை கோப்பையாக வாங்கியவராம். இப்போது போட்டியெல்லாம் புது ஆட்டத்துக்குத்தான்.

ஒருநாள் ஆபீஸ் முடிந்து அவரோடு ஆட உட்கார்ந்தேன்.

“நீங்களும் புதுசுக்கு மாறலாமேண்ணா?”

“அதுல நான் எடுத்து ஆடுற கேரக்டரையே தூக்கிட்டானுங்க தம்பி.”

கற்றுக்குட்டியான நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். சந்தேகம் வந்தது.

“வேணும்னே தோக்கறீங்களா?”

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நான் ஜெயிச்சா நீ எந்திரிச்சிப் பூடுவ.”

இன்னொரு ஆட்டம் உட்கார்ந்தேன். அதிலும் அவரே தோற்றார்.